டிஸ்டார்ஷனை அணைத்த கிடார்காரர்

மெட்டல் ரசிகர்கள் நாலு பேர் ஒன்றாகச் சேர்ந்தால் சண்டைக்கு விஷயம் கிடைக்காமல் போவதே இல்லை. மெட்டாலிகா முடியை வெட்டிக்கொண்டது சரியா? ஓஸி இல்லாத பிளாக் சபாத்தை பிளாக் சபாத் என்று சொல்லலாமா? இப்படி வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும் வழக்குகள் நிறைய. அவற்றில் கொஞ்சம் வித்தியாசமானது அலெக்ஸ் ஸ்கோல்னிக் வழக்கு. குற்றச்சாட்டு என்னவென்றால், நன்றாக மெட்டல் வாசித்துக்கொண்டிருந்த மனுஷன் ஜாஸ் வாசிக்கப் போய்விட்டார்!

அவரைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி எண்பதுகளில் 'த்ராஷ் மெட்டல்' என்ற அதிவேக இசைக்குப் பெரிய களமாக இருந்தது. மெட்டாலிகா வளர்ந்ததும் அங்கேதான். எக்ஸோடஸ், டெத் ஏஞ்சல் எல்லாம் அந்த ஊர்ப் பிள்ளைகள். அந்த வரிசையில் வந்த குழு டெஸ்டமென்ட். ஸ்கோல்னிக் 1968-இல் பெர்க்லியில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் சமூகவியல் அறிஞர்கள். கிடார் சொல்லிக்கொடுத்த வாத்தியார்களில் ஒருவர் ஜோ சாட்ரியானி. பையன் பதின்ம வயதிலேயே குழுவில் சேர்ந்துவிட்டார். முதல் ஆல்பமான 'தி லெகசி' 1987-இல் வந்தபோது அவருக்கு வயது 18. அடுத்து 'தி நியூ ஆர்டர்' (1988), 'ப்ராக்டிஸ் வாட் யூ ப்ரீச்' (1989), 'சோல்ஸ் ஆஃப் பிளாக்' (1990), 'தி ரிச்சுவல்' (1992) என்று ஐந்து ஆல்பங்கள். அதன் பிறகு குழுவை விட்டு விலகிவிட்டார்.

அப்போது அவருக்கு இருபத்து நாலு வயதுதான் இருக்கும். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் முதல் வேலைக்கு பயோடேட்டா அனுப்பிக்கொண்டிருக்கும் வயது. அந்த வயதில் கையில் இருந்த நல்ல வேலையை விட்டார் அவர். 1994-இல் சாவடாஜ் குழுவின் ஒரு ஆல்பத்துக்கு வாசித்தார், வேறு சில குழுக்களோடும் சேர்ந்து பார்த்தார். கடைசியில் நியூயார்க்குக்குப் போய் நியூ ஸ்கூலில் ஜாஸ் படிக்கச் சேர்ந்தார். உலகம் சுற்றி மேடை ஏறிய ஆள், முப்பது வயதுவாக்கில் நோட்டுப் புத்தகத்தோடு வகுப்பில் உட்கார்ந்தார். 2001-இல் பட்டம் வாங்கினார். மறு வருஷமே 'அலெக்ஸ் ஸ்கோல்னிக் ட்ரியோ' என்ற பெயரில் முதல் ஆல்பம் வந்தது. கிடார், பேஸ், ட்ரம்ஸ், மூன்றே பேர். பாடகர் கிடையாது. டிஸ்டார்ஷனும் ஏறக்குறைய கிடையாது.

இங்கேதான் ரசிகர்கள் மூன்று கட்சியாகப் பிரிகிறார்கள்.

முதல் கட்சி மெட்டல் விசுவாசிகள். அவர்கள் வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஸ்கோல்னிக் விலகிய காலம் மெட்டலுக்குப் போதாத காலம். நிர்வாணா, பேர்ல் ஜாம் என்று சியாட்டில் அலை அடித்து, ரெக்கார்டு கம்பெனிகள் மெட்டல் குழுக்களைக் கைகழுவிக்கொண்டிருந்தன. கப்பல் ஆடும்போது இறங்கிப் போனவர் என்பதுதான் அவர்கள் கோபம். ரோலிங் ஸ்டோன்ஸின் ட்ரம்மர் சார்லி வாட்ஸ் பக்கவாட்டில் ஜாஸ் குழு வைத்திருந்தபோது யாரும் கோபப்படவில்லை. ஏனென்றால் அவர் ஸ்டோன்ஸை விடவில்லை. தி போலீஸ் குழுவின் ஆண்டி சம்மர்ஸ் 1999-இல் தெலோனியஸ் மங்க்கின் இசையை ஒரு முழு ஆல்பமாக வாசித்தார். அதற்கும் சண்டை இல்லை, போலீஸ் குழு அதற்கு வெகு முன்பே கலைந்துபோயிருந்தது. ஆக, ரசிகர்களுக்கு ஜாஸ் மீது பகை ஒன்றும் இல்லை. பிரதானக் கடையை மூடிவிட்டுக் கிளைக் கடை திறந்ததுதான் பிரச்சினை.

இரண்டாவது கட்சி ஜாஸ் ரசிகர்கள். இவர்கள் சந்தேகம் வேறு மாதிரி. முதல் ஆல்பத்தில் இருப்பவை எல்லாம் பெரும்பாலும் ராக், மெட்டல் பாடல்கள். பிளாக் சபாத்தின் 'வார் பிக்ஸ்', கிஸ்ஸின் 'டெட்ராய்ட் ராக் சிட்டி', ஏரோஸ்மித்தின் 'ட்ரீம் ஆன்', ஸ்கார்பியன்ஸின் 'ஸ்டில் லவிங் யூ'... இது ஜாஸா, இல்லை வித்தை காட்டுகிற வேலையா என்று கேட்கிறார்கள். தெரிந்த மெட்டு வந்தவுடன் கூட்டம் கைதட்டும். அந்தக் கைதட்டல் வாசிப்புக்கா, அடையாளம் கண்டுகொண்ட சந்தோஷத்துக்கா? நல்ல கேள்விதான்.

மூன்றாவது கட்சி சத்தம் போடாதது. ஸ்கோல்னிக்கைக் கேட்கப் போய், அப்படியே மைல்ஸ் டேவிஸ், வெஸ் மான்ட்கோமரி என்று நகர்ந்து போனவர்கள் இவர்கள்.

சரி, யார் சொல்வது சரி? அதற்கு முன் மெட்டலிலிருந்து ஜாஸுக்குப் போவது எவ்வளவு தூரம் என்று கொஞ்சம் பார்க்கலாம்.

மெட்டல் கிடாரின் உயிர் டிஸ்டார்ஷன். அது ஒலியைத் தடிமனாக்கும், நீட்டிக்கும். கூடவே இன்னொரு வேலையும் செய்யும். மெதுவாகத் தட்டினாலும் பலமாகத் தட்டினாலும் ஒலியின் அளவு கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். டிஸ்டார்ஷனில் பல ஸ்வரங்களைச் சேர்த்து அடித்தால் குழம்பிப்போகும் என்பதால் மெட்டலில் பெரும்பாலும் 'பவர் கார்டு'தான். அதாவது ஆதார ஸ்வரமும் அதன் ஐந்தாவதும் மட்டும். ஒரு கார்டு சந்தோஷமா சோகமா என்று தீர்மானிக்கிற மூன்றாவது ஸ்வரமே அதில் இருக்காது. ஜாஸில் நேர் எதிர். மூன்றாவதும் ஏழாவதும்தான் அங்கே முக்கியம், அதற்கு மேல் ஒன்பது, பதிமூன்று என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். சுத்தமான ஒலியில் விரலின் ஒவ்வொரு அழுத்தமும் வெளியே தெரியும். மறைந்துகொள்ள இடமே கிடையாது. தாளமும் மாறும். சீரான இயந்திர வேகத்துக்குப் பழகிய கை, ஆடி அசைந்து நடக்கும் 'ஸ்விங்' தாளத்துக்கு வர வேண்டும். இத்தனைக்கும் மேல், ஸோலோ அன்றைக்கு அந்த மேடையில் பிறக்க வேண்டும். கச்சேரியில் பாடகர் ஒரு வரியை எடுத்துக்கொண்டு நிரவல் செய்வார் இல்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

ஆக இது சுலபமான பணத்துக்காகச் செய்த வேலை இல்லை. கலைஞர்கள் பணத்துக்கு விலைபோனார்கள் என்று ரசிகர்கள் திட்டுவது வழக்கம். ஆனால் பெரிய மண்டபத்திலிருந்து சின்ன கிளப்புக்குப் போவதை விலைபோவது என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

ஜாஸ் ரசிகர்களின் சந்தேகத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. அந்த முதல் ஆல்பத்தின் பெயரே 'குட்பை டு ரொமான்ஸ்: புதிய தலைமுறைக்கான ஸ்டாண்டர்டுகள்' என்ற பொருளில் வருவது. ஜாஸில் 'ஸ்டாண்டர்டு' என்றால் எல்லாக் கலைஞர்களும் எடுத்து வாசிக்கும் பொதுப் பாடல். அவற்றில் நிறைய எங்கிருந்து வந்தன? அந்தக் காலத்து பிராட்வே நாடகங்களிலிருந்தும் சினிமாவிலிருந்தும்தான். 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகம் 1959-இல் மேடை ஏறியது. மறு வருஷமே ஜான் கோல்ட்ரேன் அதிலிருந்து 'மை ஃபேவரிட் திங்ஸ்' பாட்டை எடுத்து, பதிமூன்று நிமிஷத்துக்கு மேல் வாசித்துப் பதிவு செய்தார். குழந்தைகளுக்குப் பாடும் பாட்டு அது! இன்று அது ஜாஸின் பொக்கிஷங்களில் ஒன்று. கோல்ட்ரேன் தன் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டை எடுத்தார். எண்பதுகளில் வளர்ந்த ஒருவருக்கு எல்லோருக்கும் தெரிந்த பாட்டு 'வார் பிக்ஸ்'தானே? பழைய விதியைத்தான் ஸ்கோல்னிக் புதிய பாடல்களுக்குப் பொருத்திப் பார்த்திருக்கிறார். கைதட்டல் கேள்வி அப்படியேதான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பின்னால் வந்த ஆல்பங்களில் சொந்த இசை கூடிக்கொண்டே போனது. 2018-இல் வந்த 'கனன்ட்ரம்' பெரும்பாலும் சொந்தப் படைப்புகள்தான்.

இன்னொரு வேடிக்கை. மெட்டல் விசுவாசிகள் ஜாஸை அந்நியன் மாதிரி பார்க்கிறார்களே, மெட்டலின் தொட்டிலிலேயே ஜாஸ் இருந்தது. பிளாக் சபாத்தின் டோனி ஐயோமி பதினேழு வயதில் பர்மிங்காம் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இனி கிடார் அவ்வளவுதான் என்று இடிந்துபோனவருக்கு, அந்த ஃபேக்டரி மேலாளர் ஒரு ரெக்கார்டைப் போட்டுக் காட்டினார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். தீ விபத்தில் இரண்டு விரல்கள் பாதிக்கப்பட்ட பிறகும் ஐரோப்பாவின் மிகப் பெரிய ஜாஸ் கிடார் கலைஞர்களில் ஒருவராக ஆனவர். அந்த ரெக்கார்டுதான் ஐயோமியை மறுபடி கிடார் எடுக்க வைத்தது. சபாத்தின் ட்ரம்மர் பில் வார்டும் ஜீன் க்ரூப்பா, பட்டி ரிச் போன்ற ஜாஸ் ட்ரம்மர்களைக் கேட்டு வளர்ந்தவர். 'வார் பிக்ஸ்' ஆரம்பத்தை ஒருமுறை கவனித்துக் கேட்டால் அந்த ஆட்டம் காதில் விழும். ஸ்கோல்னிக் அந்தப் பாட்டை ஜாஸாக மாற்றினார் என்பதைவிட, அதற்குள் இருந்த ஜாஸை வெளியே எடுத்தார் என்று சொன்னால் பொருத்தம்.

இப்போது மிச்சமிருப்பது அந்த முதல் கோபம். விட்டுவிட்டுப் போனது சரியா?

கணக்குப்பதிவியல் பாடத்தில் 'கூட்டாளி விலகல்' என்று ஒரு அத்தியாயம் வரும். ஒருவர் கூட்டாண்மையிலிருந்து விலகினால் நிறுவனத்தின் நற்பெயருக்கு ஒரு மதிப்புப் போடுவார்கள். கடந்த வருஷங்களின் சராசரி லாபத்தை வைத்துக் கணக்கிட்டு, விலகுகிறவருக்கு உரிய பங்கைக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பெயரை உருவாக்கியதில் அவருக்கும் பங்கு உண்டு என்பதுதான் இதன் அடிப்படை. இதை ஒரு ராக் குழுவுக்குப் பொருத்திப் பார்த்தால் தலை சுற்றும். குழுவின் நற்பெயர் எங்கே இருக்கிறது? ரசிகன் மனதில். அதனால்தான் ரசிகனுக்குத் தானும் ஒரு கூட்டாளி என்று தோன்றிவிடுகிறது. கேசட் வாங்கினேன், டி-ஷர்ட் வாங்கினேன், வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினேன், என்னைக் கேட்காமல் எப்படிப் போகலாம்?

ஆனால் பேரேட்டைத் திறந்து பார்த்தால் ரசிகன் பெயர் கூட்டாளிகள் பக்கத்தில் இருக்காது. கடனீந்தோர் பட்டியலிலும் இருக்காது. அவன் கொடுத்த பணத்துக்கு ஐந்து ஆல்பங்கள் வாங்கியாயிற்று. அந்தக் கணக்கு முடிந்தது. அடுத்த ஆல்பத்துக்கு முன்பணம் யாரும் கொடுக்கவில்லை. பதினெட்டு வயதில் நன்றாகச் செய்த ஒரு காரியத்தை ஐம்பது வயது வரை செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று ஒரு மனிதனைக் கட்டிப்போட யாருக்கும் பாத்தியதை இல்லை. ரசிகனுக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும் இல்லை, ஊருக்கும் இல்லை. 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, இனிமேல் எதுக்கு மாத்திக்கிட்டு' என்ற ஒரு வாக்கியத்துக்காகவே பிடிக்காத படிப்பையும் வேலையையும் இழுத்துக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர்! செலவழித்தது செலவழித்ததுதான். அதை வைத்து வரும் வருஷங்களை முடிவு செய்யக்கூடாது என்று பொருளாதாரம் எத்தனை தடவை சொன்னாலும் மனசு கேட்பதில்லை.

அப்படியானால் ரசிகனின் வருத்தம் பொய்யா? இல்லை. அவனுக்கு உரிமை இல்லை, வருத்தம் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு.

முதல் ஆல்பத்தின் பெயரைத் தந்த 'குட்பை டு ரொமான்ஸ்' பாட்டு ஓஸி ஆஸ்போர்னுடையது. பிளாக் சபாத்திலிருந்து நீக்கப்பட்ட பிறகு 1980-இல் அவர் வெளியிட்ட ஆல்பத்தில் வந்தது. பழைய குழுவுக்கு விடைகொடுக்கும் பாட்டு. குழுவை விட்டு வந்த ஸ்கோல்னிக் தன் முதல் ஜாஸ் ஆல்பத்துக்கு அதையே பெயராக வைத்தார். அவரை உதறிவிட்டுப் போனவர் என்று திட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உதறிவிட்டுப் போகிறவர் அந்த வீட்டுப் பாடல்களையே மூட்டை கட்டிக்கொண்டு போவாரா?

கதை அங்கே முடியவும் இல்லை. பாடகர் சக் பில்லிக்குப் புற்றுநோய் என்று தெரிந்த 2001-ஆம் வருஷத்தில், டெஸ்டமென்ட் தன் பழைய பாடல்களை மறுபடி பதிவு செய்த ஆல்பத்தில் ஸ்கோல்னிக் வந்து வாசித்தார். சக் பில்லி குணமானார். 2005-இல் பழைய கூட்டணி மேடை ஏறியது. 2007-இல் ட்ரியோவின் மூன்றாவது ஆல்பத்தில் டெஸ்டமென்ட்டின் 'ப்ராக்டிஸ் வாட் யூ ப்ரீச்' லத்தீன் தாளத்தில், ஸ்பானிஷ் தலைப்போடு வந்தது. அடுத்த வருஷம் 'தி ஃபார்மேஷன் ஆஃப் டாம்னேஷன்', 1992-க்குப் பிறகு அவர் வாசித்த முதல் புதிய டெஸ்டமென்ட் ஸ்டுடியோ ஆல்பம். அதன் பிறகு இரண்டு கடைகளும் திறந்தே இருந்தன.

முதல் கட்சிக்காரர்கள் இதைப் பார்த்து, கடைசியில் எங்களிடம்தானே வந்தார் என்கிறார்கள். மூன்றாம் கட்சிக்காரர்கள், போகாமல் இருந்திருந்தால் இந்த விரல்கள் கிடைத்திருக்குமா என்கிறார்கள். அவரே திரும்பி வராமல் போயிருந்தாலும் அவர் போனது சரிதான் என்று சொல்ல எத்தனை ரசிகர்கள் தயார்? வழக்கின் உண்மையான கேள்வி அதுதான்.