செஞ்சிக் கோட்டையும் ஒரு ப்ராக்ஸியும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் போகிற எவருக்கும் செஞ்சிக் கோட்டை தெரியும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள், அவற்றை இணைக்கும் மதில்கள். எதுவும் ரகசியம் இல்லை. 1690-ல் முற்றுகையிட்ட முகலாயப் படைக்கும் எல்லாம் கண்ணெதிரேதான் இருந்தது. ஆனாலும் கோட்டை விழ 1698 ஆனது. மறைவால் அல்ல, அமைப்பால் நின்ற கோட்டை அது. உள்ளே களஞ்சியமும் குளங்களும் இருந்ததால் தாக்குப்பிடித்தது.

கோட்டைக்கும் ப்ராக்ஸிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது.

2006 ஜூலையில் இந்திய அரசு சில பக்கங்களைத் தடுக்கச் சொன்னபோது, இணைய நிறுவனங்கள் பிளாக்ஸ்பாட்டையே மொத்தமாக மூடின. 2007 ஜூனில் இலங்கையில் தமிழ்நெட் தளம் தடுக்கப்பட்டது. 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2022 ஏப்ரல் 3 அன்றும் அங்கே சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் ஜனங்கள் ப்ராக்ஸியையும் விபிஎன்னையும் தேடி ஓடினார்கள். அவசரத்தில் இலவசமாகக் கிடைத்ததை எல்லாம் நிறுவிக்கொண்டார்கள்.

ஆபத்து அங்கேதான். ப்ராக்ஸி என்பது வெளியே உள்ள ஒரு கணினி. தடுக்கப்பட்ட பக்கத்தை அது எடுத்து, பூட்டிய உறையில் போட்டு அனுப்புவது போல அனுப்புகிறது. இணைய நிறுவனத்துக்கு உறை மட்டும்தான் தெரியும். ஆனால் யார் எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்பது ப்ராக்ஸிக்குத் தெரியும். அதில் ஓட்டை இருந்தால் மாட்டுவது நடத்துபவர் அல்ல, நம்பி வந்தவர்.

ஆகவே ஒரு மாணவர் நல்ல மனதோடு இதை நடத்த நினைத்தாலும், முதலில் மென்பொருளிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: மதில் கண்ணுக்குத் தெரிகிறதா? ஈரான் மக்களுக்காக வந்த ஹேஸ்டாக் பத்திரிகைகளில் ஏகமாகப் புகழப்பட்டது. மூல நிரலை மட்டும் யாருக்கும் காட்டவில்லை. 2010 செப்டம்பரில் வல்லுநர்கள் சோதித்ததும் பலவீனம் வெளிப்பட்டு, நிறுத்தப்பட்டது. அதை நம்பிச் சோதித்துப் பார்த்த ஈரானியர்களின் நிலை என்ன?

இரண்டாவது கேள்வி: களஞ்சியத்தில் நெல் இருக்கிறதா? அதாவது, நாளைக்கும் இதைப் பராமரிக்க ஆள் உண்டா? ஷேடோசாக்ஸை எழுதியவர் 2015 ஆகஸ்டில் சீனக் காவல்துறையின் நெருக்கடியால் விலகினார். நிரலின் பிரதிகள் பலரிடம் இருந்ததால் மற்றவர்கள் தொடர்ந்தார்கள். மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும்.

திறமூலம் என்றாலே போதும் என்பதும் தவறு. எக்ஸ்இசட் மென்பொருளைக் கிட்டத்தட்ட ஒரே ஒருவர் களைத்துப்போய்ப் பராமரித்து வந்தார். உதவ வந்ததாகச் சொன்ன ஒருவர் ஈராண்டுக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்து, அதில் கள்ளக்கதவு வைத்தார். எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் 2024 மார்ச்சில் அதைக் கண்டுபிடித்தார். நிரல் திறந்திருந்தால் மட்டும் போதாது, பார்க்கக் கண்களும் வேண்டும். பணம் ஒரே இடத்திலிருந்து வருவதும் ஆபத்து. இத்தகைய பல கருவிகளுக்கு நிதி தரும் ஓப்பன் டெக்னாலஜி ஃபண்டின் மானியத்தை 2025 மார்ச்சில் அமெரிக்க அரசு நிறுத்தப் பார்த்தது, விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

இந்த இரண்டு சோதனையிலும் டோர் ஓரளவு தேறுகிறது. நிரல் திறந்திருக்கிறது, ஆராய்ச்சியாளர்கள் பல வருடங்களாகக் குடைகிறார்கள், 2006 முதல் லாப நோக்கற்ற அமைப்பு ஒன்று பார்த்துக்கொள்கிறது. அதன் ஸ்னோஃபிளேக்கை உலாவியிலேயே நிறுவலாம். உதவுபவரின் கணினி நுழைவாசல் மட்டுமே. வருபவர் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பது அதற்குத் தெரியாது. தெரியாததை யாரிடமும் காட்டிக்கொடுக்கவும் முடியாது. வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்கச் சொல்லி இந்தியாவின் செர்ட்-இன் 2022-ல் விபிஎன் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டதை நினைத்தால், இதன் அருமை புரியும்.

செஞ்சியும் கடைசியில் விழுந்தது. ஆனால் அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். எந்த மென்பொருளும் ஒருநாள் விழலாம். அன்றைக்கு உள்ளே இருப்பவர் பத்திரமாக வெளியேற முடியுமா என்பதுதான் கேள்வி.