மண்முனைத்துறை தாண்டி வந்தவர்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில், அந்த நாளில் எங்களுக்குத் தெரிந்த அரசாங்கம் மூன்று பேர்தான். விதானையார், தபால்காரர், மிட்வைஃப் அம்மா. முதல் இருவரும் கடப்படியில் நின்று கூப்பிடுவார்கள். மிட்வைஃப் அம்மா நேரே அடுப்படிக்கு வருவார்.

கிழக்கே எழுவான்கரையிலிருந்து மண்முனைத்துறையில் பாதை என்னும் மிதவையில் ஏறி, வாவியைக் கடந்து, இறங்கியதும் நடைதான். மாரியில் வரம்புகள் வெள்ளத்துள் தாழ்ந்துவிடும். செருப்பைக் கையிலெடுத்து, பையைத் தோளில் உயர்த்திப் பிடித்தபடி வருவார். பைக்குள் தராசும் பிள்ளைகளின் கார்டுகளும் இருக்கும்.

1978 நவம்பர் 23 சூறாவளி தென்னைகளை முறித்துப்போட்ட மறுவருஷம் தம்பி வீட்டிலேயே பிறந்தான். ஊர் மருத்துவிச்சிக் கிழவியும் மிட்வைஃப் அம்மாவும் ஒன்றாகவே நின்றார்கள். கருவியை அவித்தெடுத்துக் கொடி அறுத்தது மிட்வைஃப் அம்மா. பிள்ளையைக் குளிப்பாட்டும் உரிமையைக் கிழவிக்கே விட்டுக்கொடுத்தார். அதன் பிறகு அந்தக் கிழவி, நோக்காடு கண்ட வீடுகளுக்கு அவரை அழைக்க முதலில் ஆளனுப்புபவளாகிவிட்டாள்.

பிறகும் அவர் வந்துகொண்டேயிருந்தார். வீட்டு வளையில் தராசைக் கொழுவித் தம்பியை நிறுப்பார். கார்டில் கோடு ஏறியிருந்தால் சிரிப்பார். சரிந்திருந்தால் ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்ச் சட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பார். தாய் என்ன சாப்பிட்டாள், நித்திரை கொண்டாளா, தகப்பனுக்கு வேலை இருக்கிறதா என்று அங்கே நின்றுதான் கேட்பார்.

"பெத்தா, பத்தியம் காருங்க, நான் வேணாமெண்டு சொல்லல்ல. பால்சுறாவும் முருங்கையிலையும் நிறையக் குடுங்க. தண்ணியை மட்டும் மறிக்காதீங்க." பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் மறித்த எங்கள் பாட்டி பெத்தாவிடம் அவர் சொன்னது இது. பெத்தாவின் மனம் நோகாமல் என் தாயின் தாகம் தீர்ந்தது அப்படித்தான்.

1973 இல் நாட்டில் அறிமுகமான திரிபோஷா, தாய்க்கும் தம்பிக்குமான சத்துமாவாக எங்கள் வீட்டுக்கும் வந்தது. சோளமும் சோயாவும் சேர்ந்த அந்த மாவைச் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருட்டி நாங்கள் எல்லோரும் தின்றோம். அவர் கண்டுபிடித்துவிட்டார். ஏசவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கும் பசிதான் என்பதை விளங்கிக்கொண்டு, வளவில் கீரைப்பாத்தி போடச் சொன்னார். அடுத்த முறை விதையும் கொண்டுவந்தார்.

1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை ஏறக்குறைய 3000 பேருக்கு ஒரு மிட்வைஃப் என்று ஊர்களைப் பிரித்துக் கொடுத்தது. அந்த 3000 பேரின் வீட்டுப்படியையும் மிதித்தவர்கள் இந்தப் பெண்கள். போர் வந்தபோது மற்ற அலுவல்களெல்லாம் துறையோடு நின்றன. இவர்கள் ஊசிமருந்துக் குளிர்பெட்டியோடு சோதனைச்சாவடிகளில் வெயிலில் காத்து நின்றார்கள். பெட்டிக்குள் பனிக்கட்டி உருகிக்கொண்டிருக்கும். அந்தத் தவிப்பை அவர்களின் முகத்தில் கண்டிருக்கிறேன். 1995 இல் தொடங்கிய தேசியத் தடுப்பூசி நாள்களில் போலியோச் சொட்டு மருந்துக்காக இரு தரப்புத் துப்பாக்கிகளும் ஓய்ந்தன. எங்கள் பிள்ளைகளின் வாயில் விழுந்த அந்த இரண்டு சொட்டுக்கு இருந்த வல்லமை பேச்சுவார்த்தை மேசைகளுக்கு வாய்க்கவில்லை.

இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி 1993 இல் காணப்பட்டார். 2014 இல் தென்கிழக்காசியப் பிராந்தியமே போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. அதே ஆண்டில் மண்முனையில் பாலம் திறந்தது, பாதை நின்றது. இன்று ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கின்றன. இன்றைய மிட்வைஃபான குடும்பநல உத்தியோகத்தர் ஸ்கூட்டரில் வந்து இறங்குகிறார். இவை நல்ல மாற்றங்கள், மனதார வரவேற்கிறேன். ஆனால் சட்டியின் மூடியைத் திறந்து பார்க்கும் அந்த நேரமும் உரிமையும் அருகிவருகின்றன. நிறையைத் தராசு சொல்லும். நிறை ஏன் குறைந்தது என்பதை அடுப்படிதான் சொல்லும்.

எங்கள் ஊர் வரலாறுகளில் கோயில் வண்ணக்கர்மார் இருக்கிறார்கள், கூத்து அண்ணாவிமார் இருக்கிறார்கள். வாவி கடந்து வந்து தலைமுறைகளை உயிரோடு வைத்த இந்தப் பெண்களுக்கு ஒரு பக்கமும் இல்லை. அவர்கள் கையில் பிறந்தவர்களுக்கே தலை நரைத்துவிட்டது. ஒவ்வொரு ஊரும் தன் மிட்வைஃப் அம்மாவின் பெயரை, அறிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.