திருத்த முடியாத தொலைவு

ஆய்வுகூடத்திற் பயின்ற நாளில், நான் அமைத்த வெப்பக் கட்டுப்பாட்டுச் சுற்று ஒன்று புகைந்தது. கருகிய திரான்சிற்றரைக் கழற்றி வேறொன்றைப் பற்றாசு வைத்துப் பொருத்தினேன். பத்து நிமிடத்திற் பிழை மறைந்தது. ஏரியல் விண்வெளித் தொலைகாட்டியைப் பற்றிப் படிக்குந்தோறும் அந்தப் பத்து நிமிடம் நினைவுக்கு வருகின்றது.

2020இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் நிறைவேற்றத் தீர்மானித்த இத்திட்டம், ஏறத்தாழ 1000 புறக்கோள்களின் வளிமண்டலங்களை ஆராய்வதற்கானது. கோளொன்று தன் விண்மீனின் முன்னே கடக்கையில், விண்மீனொளியிற் சிறிதளவு அவ்வளிமண்டலத்தை ஊடுருவி வருகின்றது. நீராவியும் காபனீரொட்சைட்டும் அதிற் பதிக்கும் சுவடு, பெருங்கோள்களிலுங்கூட, மொத்த ஒளியிற் பத்தாயிரத்தில் ஒரு பங்களவே.

வெம்மையுடைய பொருள் யாவும் தாமே செங்கீழ்க் கதிரை வீசும். ஆதலால் தொலைகாட்டியின் ஆடி பூச்சியத்திற்குக் கீழ் 200 பாகை செல்சியசினும் குளிர்ந்திருத்தல் வேண்டும். அதனை ஆளும் இலத்திரனியற் சுற்றுகளோ கலத்தின் வெம்மையான பகுதியில் இருப்பவை. அங்கிருந்தே அவை குளிர்ப்பகுதியின் வெப்பநிலையை அளக்க வேண்டும். துணையாடியை நுண்ணிதாக நகர்த்திக் குவியத்தைச் சீராக்க வேண்டும். இரு பகுதிகளையும் இணைக்கும் கம்பிகள் செய்தியைக் கடத்தலாம். வெப்பத்தைக் கடத்துதல் ஆகாது.

பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றருக்கு அப்பால் எவரும் பற்றாசுக்கோலுடன் செல்லவியலாது. ஆகவே இத்தகைய கலங்களில், கதிர்வீச்சைத் தாங்கும் பாகங்களைத் தெரிந்தெடுக்கின்றனர். ஒரு சுற்றுப் பழுதுற்றால் இயங்குதற்கு மற்றொன்றையும் வைக்கின்றனர். என் பத்து நிமிடத்திற்கு ஈடாக அவர்கள் செலவிடுவது பல ஆண்டுகள்.

பிழையைத் திருத்துவதே பொறியியல் என்று அன்று எண்ணினேன். பிழை தோன்றுமிடத்தை முன்னரே உணர்வதும் அதுவே என்று இன்று அறிகின்றேன்.