பெட்டி கற்றுத்தந்த பாடம்

1998இல் ஜிப்ஸியில் மணாலியிலிருந்து லே கிளம்பினோம். அன்று அந்தச் சாலையில் தண்டி என்ற ஊரை விட்டால் அடுத்த பெட்ரோல் பங்க் 365 கி.மீ. தள்ளித்தான். கூடாரம், ஸ்டவ், ஸ்பேனர்கள், தண்ணீர் என்று சுமை ஏராளம். பின் பெஞ்சுகளைக் கழற்றிவிட்டு பிளைவுட்டில் இரண்டு இழுப்பறைகளோடு நானே பெட்டி செய்தேன். மேலே மெத்தை விரித்தால் படுக்கை. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்.

பாரலாச்சா கணவாயைத் தாண்டியதும் குறுக்கே ஆட்டு மந்தை. பிரேக்கை அழுத்தினேன். தரைத் தகட்டில் நான் முடுக்கியிருந்த நான்கு சிறிய ஸ்க்ரூக்களும் பிய்த்துக்கொண்டன. பெட்டி முன் சீட்டில் இடித்தது. அதன் மேலிருந்த 20 லிட்டர் தண்ணீர் கேன் மனைவியின் காதை உரசிக்கொண்டு டாஷ்போர்டில் மோதியது. பிரேக் பிடிப்பது வண்டியைத்தான், சாமான்களை அல்ல என்பது அப்போதுதான் புரிந்தது.

ஊர் திரும்பியதும் பெட்டியைப் பிரித்து மறுபடி செய்தேன். தரையைத் துளைத்து போல்ட். அடியில் அகலமான வாஷர்கள். கனமான தண்ணீர் கேன் கீழே, முன் சீட்டை ஒட்டி, பட்டை போட்டுக் கட்டியபடி. லேசான துணிமணி மேலே. நடுவில் இரும்புக் கம்பித் தடுப்பு. படுக்கை போய்விட்டது; பெட்டியும் பார்க்க லட்சணமாக இல்லை.

ஆனால் மலைச் சாலையில் மனைவி மறுபடியும் முன் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தாள்.