இளவரசிக்குப் பின்னால் பதினொரு ஊக்கு



எனக்கு இளவரசிப் பைத்தியம் என்பது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். நான்காம் வகுப்பிலிருந்து சேர்க்கிறேன். சின்ட்ரெல்லா படம் போட்ட ஜாமெட்ரி பாக்ஸ் (முகம் தேய்ந்துவிட்டது, கிரீடம் மட்டும் பாக்கி), நோட்டு லேபிள்கள், பபிள்கம் வாங்கினால் வருகிற ஸ்டிக்கர், திருவிழாக் கடை கிளிப், எல்லா இளவரசியும் வரிசையாக நிற்கிற ஒரு பிளாஸ்டிக் பை என்று மொத்தம் 31 சாமான். எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. அந்த டின்னுக்கு என் தம்பி 'அரண்மனை' என்று பேர் வைத்திருக்கிறான். கிண்டலாகத்தான்.

படங்கள் எல்லாம் சித்தியின் போனில் பார்த்தவை. 2019-இல் வந்த 'ஃப்ரோசன் 2' தமிழில் எல்சாவுக்கு ஸ்ருதிஹாசன் குரல் கொடுத்திருந்தார். அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே கணக்கு இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், எல்சாவும் அன்னாவும் டிஸ்னியின் 'பிரின்சஸ்' வரிசையிலேயே கிடையாது. அவர்கள் படத்துக்குத் தனி வியாபாரம், தனிப் பெட்டி. இதை வகுப்பில் சொன்னதற்கு "போடி, உனக்கு எல்லாம் தெரியுமா?" என்றார்கள். எனக்குத் தெரியாது. என் சித்திக்குத் தெரியும்.

சித்தி என் அம்மாவின் தங்கை. சென்னையில் ஒரு மாலுக்குள் இருக்கிற பொம்மைக் கடையில் வேலை. பொம்மைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தே விவரம் சொல்லிவிடுவார். டிஸ்னி இளவரசிப் பொம்மைகளை 2016-லிருந்து 2022 வரை ஹாஸ்ப்ரோ என்ற கம்பெனி செய்தது. 2023-லிருந்து மேட்டல், அதாவது பார்பி பொம்மை செய்கிற கம்பெனி. அதற்கு முன்னாலும் மேட்டல்தானாம். "பேர் மாறினாலும் தூசி தட்டறது நான்தான்" என்பார் சித்தி.

2024 மே மாதம் சித்தி இரண்டு நாள் லீவில் ஊருக்கு வந்தார். "சனிக்கிழமை எங்க கடையில பிரின்சஸ் நாள் கொண்டாடறாங்க பாப்பா. புதுப் பொம்மை எல்லாம் இறங்குது. வெளிநாட்டுல வாங்கின பொம்மைங்கள ஒரு மேடம் கொண்டாந்து காட்டப் போறாங்க. இளவரசி வேஷம் போட்டு ஒரு பொண்ணு வரும். வரியா?" என்றார். நான் அன்று ராத்திரி தூங்கவில்லை. உண்டியலை உடைத்தேன். 540 ரூபாய் இருந்தது. அம்மா டைலர் இல்லையா, பணத்தைப் பாவாடையின் உள்பையில் போட்டு ஊக்கு குத்திவிட்டு, இன்னும் ஒரு கொத்து ஊக்கை என் பையில் போட்டார். "எதுக்கும்மா?" என்றேன். "வெளியூர் போறவ கையில ஊக்கு இருக்கணும்" என்றார்.

திண்டிவனத்தில் பஸ் ஏறி, கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில் போனோம். அந்த பஸ்ஸில்தான் சித்தி விஷயத்தைச் சொன்னார்.

"கடைக்குள்ள என்னை உனக்குத் தெரியாது. எனக்கும் உன்னைத் தெரியாது. சொந்தக்காரங்களைக் கூட்டியாந்தா சூப்பர்வைசர் சத்தம் போடுவாரு. சித்தின்னு கூப்பிட்ட, அவ்ளோதான்."

சரி என்றேன். இது ஒரு பெரிய விஷயமா என்று அப்போது தோன்றியது.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கடை திறந்தது. வாசல் முழுக்க ரோஸ் கலர் பலூன். உள்ளே ஏசி. எங்கள் பள்ளி மாதிரி மூன்று வகுப்பறையைச் சேர்த்தால் என்ன அளவோ அவ்வளவு பெரிய இடம், ஆனால் சுவர் தெரியாமல் பொம்மை. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தேன். எதையாவது தொட்டு அது விழுந்து, விலை கேட்டுவிட்டால்? சித்தி கருப்புப் பேன்ட், சட்டையில் ஒரு அலமாரி ஓரமாக நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் வந்தவர்களைப் பார்த்து "வெல்கம் மேம்" என்றார். ஒத்துக்கொண்டதுதான். இருந்தாலும் சுருக்கென்று இருந்தது.

நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதில் இருந்தவை அந்த மேடத்தின் பொம்மைகள். அவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். காதோரம் நரை. பதினேழு அங்குல உயரத்தில் ஒரு ரபுன்செல், பெட்டியை விட்டு வெளியே எடுக்காமல் அப்படியே இருந்தது. பக்கத்தில் ஒரு சர்டிபிகேட். மொத்தம் எத்தனை பொம்மை செய்தார்கள், அதில் இது எத்தனையாவது என்று அதில் எழுதியிருக்கும். அதற்கு மேல் செய்ய மாட்டார்களாம்.

"விளையாடவே மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"பிரிச்சா மதிப்பு போயிடும்மா. பத்து வருஷமா இப்படித்தான் இருக்கு."

பாவம் ரபுன்செல். கோபுரத்திலிருந்து தப்பித்து வந்து பெட்டிக்குள் மாட்டிக்கொண்டாள்.

ஆனால் அந்த மேடம் நல்லவர். நான் எதுவும் வாங்கப் போவதில்லை என்று தெரிந்தும் என்னிடம் ரொம்ப நேரம் பேசினார். இந்த வரிசை எப்படி ஆரம்பித்தது என்று சொன்னார். ஸ்னோ ஒயிட் படம் 1937-இல் வந்தது, சின்ட்ரெல்லா 1950, அரோரா 1959. ஆனால் இவர்கள் எல்லோரையும் ஒரே கூட்டமாகச் சேர்த்து விற்கலாம் என்று 2000 வாக்கில்தான் தோன்றியிருக்கிறது. ஆண்டி மூனி என்று ஒரு அதிகாரி (நம்ம ஊர் ஆண்டி இல்லை, அது பேர்) அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் என்ற ஊரில் டிஸ்னியின் பனிச்சறுக்கு ஆட்டம் பார்க்கப் போனாராம். அங்கே வந்திருந்த சின்னப் பெண்கள் எல்லாம் இளவரசி கவுன் போட்டிருக்கிறார்கள். ஆனால் எதுவும் கம்பெனி விற்ற கவுன் இல்லை. வீட்டில் தைத்தது! நாம் விற்காததால்தானே வீட்டில் தைக்கிறார்கள் என்று அவருக்கு உறைத்திருக்கிறது. எனக்கு உடனே அம்மா ஞாபகம் வந்தது. மூன்றாம் வகுப்பு மாறுவேடப் போட்டிக்கு அம்மா பழைய பட்டுப் பாவாடையைப் பிரித்து எனக்குத் தைத்த கவுன். கம்பெனிக்காரர் பார்த்தால் விட்டிருக்க மாட்டார்.

அப்புறம் மேடம் இன்னொன்று சொன்னார். "எல்லா இளவரசியும் சேர்ந்து நிக்கிற படம் உங்கிட்ட இருக்கா? வீட்டுக்குப் போய் நல்லாப் பாரு. ஒருத்தி இன்னொருத்தியப் பார்க்கவே மாட்டா. ஒவ்வொருத்தியும் வேற வேற கதை, ஒருத்தி இருக்கறது இன்னொருத்திக்குத் தெரியக் கூடாதுன்னு கம்பெனி வேணும்னே அப்படி வரையச் சொல்லிட்டு இருந்துச்சு."

என் பிளாஸ்டிக் பையை மனசுக்குள் கொண்டுவந்து பார்த்தேன். உண்மைதான். இத்தனை வருஷம் வைத்திருக்கிறேன், கவனித்ததே இல்லை.

பன்னிரண்டு மணி ஆகியும் வேஷம் போட வேண்டிய பெண் வரவில்லை. அவளுடைய கவுன் மட்டும் ஒரு பெட்டியில் முதல் நாளே வந்துவிட்டதாம். வெளியே குழந்தைகள் வரிசை நீண்டுகொண்டே போனது. சூப்பர்வைசர் வேலை செய்கிற நாலு அக்காக்களையும் நிறுத்தி மேலும் கீழும் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் சித்தி என் பக்கமாக வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே, "லேடீஸ் பாத்ரூமுக்கு வா. அம்மா குடுத்த ஊக்கு எடுத்துட்டு வா" என்றார்.

அங்கே போனால், சின்ட்ரெல்லாவின் நீலக் கவுனுக்குள் சித்தி பாதி நுழைந்து நிற்கிறார்! அது அவரைவிட ஒல்லியான யாருக்கோ தைத்தது. முதுகில் ஜிப் ஏறவில்லை, நாலு விரல் இடைவெளி. தலையில் மஞ்சள் பொய்முடி. நான் மூச்சைப் பிடிக்கச் சொல்லி ஊக்கு குத்தினேன். பதினொரு ஊக்கு. அதன் மேல் அந்தப் பொய்முடியை இழுத்து மறைத்தோம். கவுனுக்குள் கம்பி வளையம் இருந்ததால் உட்கார முடியாது. "உட்காரப் பார்த்தா முன்பக்கம் தூக்கிக்குது பாப்பா" என்று சித்தி சிரித்தார்.

நான் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு உண்மையை எழுதுகிறேன், யாரும் என்னைத் தப்பாக நினைக்காதீர்கள். 'சித்தி கருப்பா இருக்காங்களே, இந்தக் கவுன் எடுபடுமா' என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. சித்தியும் நானும் ஒரே நிறம். எங்கள் வீட்டில் எல்லோரும் அந்த நிறம்தான். அப்படியும் தோன்றியது.

இரண்டு மணி நேரம் சித்தி மேடையில் நின்றார். ஆயிரம் ரூபாய்க்கு மேல் பில் போட்டவர்கள் மட்டும் இளவரசியோடு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். நான் மேடைக்குப் பின்பக்கம், ஊக்கு தெரிகிற இடத்தில் நின்றுகொண்டேன். காவல் மாதிரி.

ஒரு சின்னப் பாப்பா, ஐந்து வயது இருக்கும், மேடை ஏறி வந்து சித்தியை அண்ணாந்து பார்த்தது. "சின்ட்ரெல்லா வெள்ளையா இருப்பா. நீங்க ஏன் இப்படி இருக்கீங்க?" என்றது. அதன் அம்மா "ஷ்ஷ்" என்றார். சுற்றி நின்றவர்கள் போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அந்தப் பாப்பா கேட்டதும் நான் பாத்ரூமில் நினைத்ததும் ஒன்றுதானே?

சித்தி கொஞ்சமும் அசரவில்லை. "சின்ட்ரெல்லா வீட்டுல யாரு பாத்திரம் விளக்கினா? யாரு அடுப்புச் சாம்பல் அள்ளினா? யாரு வெயில்ல துணி காயப் போட்டா? நான்தானே! கறுக்காம என்ன செய்வேன்?" என்றார்.

பாப்பா யோசித்தது. அப்புறம், "கண்ணாடிச் செருப்பு?" என்றது. கவுனுக்குக் கீழே கடை யூனிபார்மின் கருப்பு ஷூ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "அதான் மாடிப்படியில தொலைஞ்சு போச்சே, உனக்குத் தெரியாதா?" என்று சித்தி குனிந்து அதன் கன்னத்தைத் தொட்டார்.

குனிந்ததுதான் தப்பு. டப் டப் என்று இரண்டு ஊக்கு தெறித்தது. முதுகு விரிய ஆரம்பித்தது.

"சித்தி! ஊக்கு!" என்று கத்திவிட்டேன். ஓடிப் போய் இரண்டு கையாலும் கவுனைச் சேர்த்துப் பிடித்தேன்.

கடை முழுக்க அமைதி. அப்புறம் யாரோ சிரித்தார்கள். அந்தப் பாப்பா என்னைப் பார்த்தது, சித்தியைப் பார்த்தது, கை தட்டிக்கொண்டு "சித்தி! சித்தி!" என்றது. அதற்குப் பிறகு வந்த குழந்தைகள் எல்லாம் "ஹாய் சித்தி" என்றுதான் போட்டோவுக்கு நின்றார்கள். சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே வந்து, "யார் இந்தப் பொண்ணு?" என்றார்.

நான் சித்தியைப் பார்க்கவில்லை. கவுனைப் பிடித்தபடி தரையைப் பார்த்தேன். சித்தி என்னைத் தெரியாது என்று சொல்லியிருந்தாலும் நான் கோபித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

"எங்க அக்கா பொண்ணு சார்" என்றார் சித்தி. "இவ பிடிச்சாதான் இந்த டிரெஸ் நிக்கும்."

அவர் வரிசையைப் பார்த்தார். இன்னும் இருபது பேராவது இருந்தார்கள். "அப்புறம் பேசிக்கலாம்" என்று போய்விட்டார். அப்புறம் பேசவும் செய்தார். மறுநாள் சித்திக்கு நல்ல திட்டு விழுந்தது. அதைச் சித்தி அன்றைக்கு என்னிடம் சொல்லவில்லை, அடுத்த மாதம் அம்மா சொல்லித்தான் தெரியும்.

கடைசியில் போட்டோ எடுக்கிற அண்ணன், உடனே வெளியே வருகிற அந்த கேமராவில் ஒரு படம் மிச்சம் இருக்கிறது என்று என்னையும் சித்தியையும் நிற்க வைத்து எடுத்தார். பில் கேட்கவில்லை. சித்தி அசதியில் கண்ணை மூடிவிட்டார். நான் கேமராவைப் பார்க்காமல் சித்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். படமாக அது அவ்வளவு நன்றாக இல்லை. அரண்மனையில் 32-ஆவது சாமான் அதுதான். 33-ஆவது, 249 ரூபாய்க்கு வாங்கிய முலான் கீ செயின்.

கவுனைக் கழற்றியதும் சித்தி ஒரு அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். கால் இரண்டும் வீங்கியிருந்தது. நான் ஊக்குகளை எண்ணினேன். ஒன்பது இருந்தது.

ஊருக்கு வந்ததும் போட்டோவை அம்மாவிடம் காட்டினேன். இளவரசி எப்படி, சித்தி அழகாக இருக்கிறாரா, எதுவும் சொல்லவில்லை. மெஷின் பக்கத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இடுப்புப் பக்கமாகவே பார்த்தார்.

"யாருடி இதைத் தைச்சது? உள்ள துணியே விடாம வெட்டியிருக்கான். மறுபடி போடச் சொன்னாங்கன்னா முன்னாடியே எங்கிட்ட அனுப்பச் சொல்லு அவளை. ரெண்டு பக்கமும் துண்டு வெச்சு நாலு இன்ச் விட்டுத் தரேன். உட்கார்ற மாதிரி."