அடைபட்ட பாதைக்கு அப்பால்

ஒருவர் படைத்த கதையைப் பிறர் எடுத்துத் தொடர்தல் நம்மவர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரம் கண்ணகியை மதுரையிலிருந்து சேரநாட்டு மலைக்கு அனுப்பியது. வன்னி மக்களோ அவளை வற்றாப்பளைக்கு அழைத்து வந்து, கடல்நீரில் விளக்கேற்றி, வைகாசிப் பொங்கலும் பொங்குகின்றனர். இதற்கென இளங்கோவிடம் எவரும் அனுமதி கேட்டதில்லை. கணினி விளையாட்டொன்றைப் பற்றிய கட்டுரையை அம்மனிலிருந்து தொடங்குவது சிலருக்கு உவப்பாயிராது. எனினும் நான் சொல்லவந்த பொருளுக்கு இதனினும் கிட்டிய உறவு வேறில்லை.

1999ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வொலிஷன் நிறுவனத்தார் ஆக்கிய ‘ஃபிரீஸ்பேஸ் 2’ ஒரு விண்வெளிப் போர் விளையாட்டு. ஆடுபவர் அதில் தளபதியல்லர். கட்டளைக்குக் கீழ்ப்படியும் சாதாரண விமானி. 1998இல் வந்த முதற் பாகத்தின் முடிவிலே, பகைவரின் பெருங்கலம் விண்பாதையின் நடுவே தகர்க்கப்படுகிறது. அத்தகர்ப்பினால் பூமிக்குச் செல்லும் வழியும் இடிந்து மூடுகிறது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து நிகழும் இரண்டாம் பாகம் முடியும்போதும், தாயகம் மீளுதல் வெறும் எதிர்பார்ப்பாகவே நிற்கிறது.

அந்த இடைவெளியிலேதான் ரசிகர்கள் புகுந்தனர். விளையாட்டுடனேயே ‘ஃபிரெட்’ என்னும் பணி வகுக்கும் கருவியும் வழங்கப்பட்டிருந்தது. இன்ன கலம் அழிந்தால் இன்ன செய்தி ஒலிக்கட்டும், இன்னார் தப்பினால் அடுத்த பணி திறக்கட்டும் என நிபந்தனைகளாகக் கதையைக் கோத்துக்கொண்டே போகலாம். 2002இல் மூலநிரலும் வணிகநோக்கற்ற பயன்பாட்டுக்கென வெளியிடப்பட்டது. வொலிஷன் 2023இல் மூடப்பட்டபோதும் அதன் பிள்ளை வேறு வீடுகளிலே வளர்ந்துகொண்டிருந்தது.

அவ்வாறு எழுந்த தொடர்கதைகளுள் ‘புளூ பிளானற்’ என்னை வெகுவாகப் பாதித்தது. அதன் முதற்பகுதி 2007இலும், ‘வோர் இன் ஹெவன்’ எனும் அடுத்த பகுதி 2010இலும் வெளிவந்தன. பிந்தியதன் எழுத்தாளருள் முதன்மையானவரான சேத் டிக்கின்சன் பின்னர் நாவலாசிரியராகவும் அறியப்பட்டார். பூமிக்கான பாதை திறக்கிறது. நாம் ஆவலோடு காத்திருந்த உறவுக்கூடல் நிகழவில்லை. பிரிந்திருந்த இரு மனிதகுலங்களுக்கிடையே போர் மூள்கிறது. அடுத்த பகுதியில் ஆடுபவர் பூமியின் பக்கத்து விமானியான லபோர்ட் என்னும் பெண்ணாகிறார். நேற்றுவரை நாம் சேவித்த படையே இன்று பகைப்படை. சுட்டு வீழ்த்தவேண்டிய கலங்கள் யாவும் நமக்குப் பழகிய கலங்கள். வெற்றிக்கென வகுத்த பெருந்தாக்குதலொன்று பொறியாய் மாறிப் பின்வாங்கலில் முடிகிறது. எவ்வளவு திறமையாக ஆடினாலும் அப்பணியில் வெல்ல முடியாது. இதனைக் குறையென்போர் உளர். நான் அதனையே இக்கதையின் நேர்மையென்பேன்.

பாதை திறந்து மூடுதல் எங்களுக்குக் கற்பனையன்று. 2002இல் கண்டி வீதி திறந்தது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. பூவரசங்குளத்துக்கு மேற்கே, செட்டிகுளத்தில் எழுந்த மெனிக் பாம் முகாம்களின் இறுதிக் குடும்பங்கள் வெளியேற 2012 ஆகிவிட்டது. இவ்வூரிலிருந்து வந்த ஒருத்தி போரை விளையாட்டாக ஆடலாமா என நண்பர்கள் கேட்பதுண்டு. ஆயிரம் பகைக்கலங்களை வீழ்த்திப் பதக்கம் பெறும் விளையாட்டுகளை என்னால் அரைமணி நேரங்கூடப் பொறுக்க முடிவதில்லை. லபோர்ட்டோ கொல்லக் கொல்லத் தன்னையே அஞ்சத் தொடங்குகிறாள். அவளோடு இருக்க முடிகிறது.

ஆயினும் ஒரு மனத்தாங்கல் உண்டு. ‘ஃபிரெட்’ கருவியில் ‘அழிந்தால்’ என்பதற்கும் ‘வந்துசேர்ந்தால்’ என்பதற்கும் நிபந்தனைகள் உள. இடம்பெயர்ந்து, மரநிழலில் சமைத்து, மறுபடியும் மூட்டை கட்டுவோருக்கென ஒன்றும் இல்லை. ஏற்றிச் செல்லும் கலம் தப்பிவிட்டால் பணி வெற்றி. உள்ளிருந்தோர் இறங்கிய பின் எங்கே உறங்கினர் என்று எக்கதையும் கேட்பதில்லை. அதை எழுதும் பொருட்டு இவ்விடுமுறையில் அக்கருவியைப் பயின்று வருகிறேன். முதற்பணியில் இதுவரை ஒரு கலம்கூடச் சுடவில்லை; தண்ணீர் கொணரும் கலமொன்றை எதிர்பார்த்து எல்லோரும் வரிசையில் நிற்கின்றனர்.