ஜில்லா போர்டு போன கதை

ராயபுரத்திலிருந்து கடலோரமாகவே வடக்கே போனால் திருவொற்றியூர், அதைத் தாண்டினால் எண்ணூர். இன்றைக்கு இது எல்லாமே சென்னை மாநகராட்சி. ஆனால் நூறு வருடத்துக்கு முன்னால் இதே வழியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இருந்தது. ராயபுரம் 'பட்டணம்'. திருவொற்றியூர் 'ஜில்லா'. அதாவது செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா.

இத்தனைக்கும் திருவொற்றியூர் கும்பினியார் கைக்குப் போனது 1708-லேயே! கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகியவையும் அதே வருடம் சேர்ந்து போன ஊர்கள். நுங்கம்பாக்கம் பட்டணமாகிவிட்டது, திருவொற்றியூர் கிராமமாகவே நின்றுவிட்டது.

சரி, பட்டணத்துக்கு மாநகராட்சி இருந்தது. கிராமத்துக்கு யார் ரோடு போடுவது? 1882-ல் வைஸ்ராய் ரிப்பன் பிரபு, உள்ளூர் நிர்வாகத்தை உள்ளூர்க்காரர்களிடம் விட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அதைத் தொடர்ந்து 1884-ல் வந்தது சென்னை மாகாண உள்ளாட்சிச் சட்டம். மேலே ஜில்லா போர்டு, நடுவில் தாலுகா போர்டு, அடியில் யூனியன். ஆரம்பத்தில் ஜில்லா போர்டுக்குத் தலைவர் கலெக்டர்தான். தேர்தல், உள்ளூர்த் தலைவர் என்பதெல்லாம் மெல்ல மெல்லத்தான் வந்தது. நிலத்தீர்வையோடு சேர்த்து வசூலித்த வரிதான் முக்கிய வருமானம். அதில் ரோடு, பள்ளிக்கூடம், மருத்துவமனை, சத்திரம் எல்லாம் நடந்தன. பெரியவர்கள் 'போர்டு ஸ்கூல்' என்று சொல்வது இந்த போர்டைத்தான்.

1934-ல் தாலுகா போர்டுகளைக் கலைத்தார்கள். 1958 பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு ஜில்லா போர்டுகளும் போய், பஞ்சாயத்து யூனியன்கள் வந்தன. தொடக்கப்பள்ளிகள் யூனியனுக்கு மாறின. பலகையில் பெயர் மாறியது, அவ்வளவுதான். ஊருக்கென்று ஒரு தலைவர் இருந்தார்.

2011-ல் அந்தக் கோடும் அழிந்தது. 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 கிராம ஊராட்சி என மொத்தம் 42 உள்ளாட்சிகள் சென்னையோடு சேர்ந்தன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆனது. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகளோடு சடையங்குப்பம், இடையஞ்சாவடி, கடப்பாக்கம் போன்ற ஊராட்சிகளும் உள்ளே வந்தன.

இதில் லாபம் இல்லை என்று சொல்ல முடியாது. சின்ன ஊராட்சியின் வருமானத்தில் பாதாளச் சாக்கடை போட முடியுமா என்ன? ஆனால் நஷ்டமும் உண்டு. கிராமசபை போயிற்று. நூறு நாள் வேலையும் கிராம ஊராட்சிகளுக்கானது என்பதால் அதுவும் போயிற்று. அதைவிடப் பெரிய கொடுமை, 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தபின் 2022 பிப்ரவரி வரை தேர்தலே நடக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலர் கிடையாது. பக்கத்திலேயே ஊராட்சியாகவே இருந்துவிட்ட மீஞ்சூர் ஒன்றிய கிராமங்கள்கூட 2019 டிசம்பரில் ஓட்டுப் போட்டுவிட்டன.

அனல்மின் நிலையச் சாம்பலும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் பரவிய எண்ணெயும் எண்ணூர் மீனவர்களின் வலையில்தான் ஒட்டின. இப்படிப்பட்ட இடத்தில் 'எங்கள் ஊர்த் தலைவர்' என்று ஒருவர் இருப்பதற்கும், 200 வார்டுகளில் ஒரு வார்டாக இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா?

ஊர் நிர்வாகம் ஊர்க்காரர்களிடமே இருக்கட்டும் என்று சொன்னவர் ரிப்பன். அந்த ஊர்களின் கோப்பெல்லாம் இப்போது போய்ச் சேரும் மாளிகைக்கும் அவர் பெயர்தான்!